பெயரை மாற்றுவோம், பழைய முகவரியை விடக்கூடாது

சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வுக்காக ஒரு நூலகத்தில் 'பிரபுத்த பாரத்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்துத் தூசி படிந்த பைண்டு தொகுதிகள் வந்தன. திறந்தால் வேதாந்தம். நான் கேட்டது அம்பேத்கரின் ஏடு, வந்தது இராமகிருஷ்ண மடத்து ஆங்கில மாத இதழ். எடுத்துக் கொடுத்தவர் மீது குற்றமில்லை. மடத்தின் இதழ் 1896இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அம்பேத்கர் 1930 முதல் வந்துகொண்டிருந்த 'ஜனதா'வின் பெயரை 1956 பிப்ரவரியில் 'பிரபுத்த பாரத்' என்று மாற்றினார். அறுபது ஆண்டு மூத்த இன்னொரு இதழுக்கும் அதே பெயர் இருந்தது அவரைத் தடுக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் நாக்பூரில் பௌத்தம் தழுவியவருக்கு, புத்தரை நினைவூட்டும் அந்தச் சொல் வேண்டியிருந்தது.

இந்தக் கதை இப்போது நினைவுக்கு வரக் காரணம் உண்டு. தோழர்கள் சிலர் பல ஆண்டுகளாக நடத்திவரும் ஒரு சாதி ஒழிப்பு இணையதளத்தின் பெயரை மாற்றலாமா என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. ஓர் எழுத்தும் கடைசி வாலும் மட்டும் மாறிய முகவரியில், சாதிவாரியாக வரன் தேடித் தரும் தளம் ஒன்று முளைத்திருக்கிறது. நம் கட்டுரையைத் தேடிய கல்லூரி மாணவர் அங்கே போய், தன் சாதியைத் தேர்வு செய்யச் சொல்லும் பெட்டியின் முன் நிற்கிறார். சிரிப்பு வந்தாலும் நட்டம் நமக்குத்தான்.

"பெயரை விட்டுக்கொடுப்பது தோல்வி" என்றார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் இதழ்களின் வரலாறே பெயர் மாற்றங்களின் வரலாறு. அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூனில் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கினார், மறு ஆண்டே 'ஒரு பைசா' உதிர்ந்து 'தமிழன்' ஆனது. 1925இல் தொடங்கிய 'குடிஅரசு', 1933இல் அரசு நெருக்கியபோது 'புரட்சி' ஆனது, பிறகு 'பகுத்தறிவு' ஆனது, மறுபடியும் 'குடிஅரசு'வே வந்தது. பெரியார் பெயரைக் கட்டிக்கொண்டு அழவில்லை.

ஆனால் எல்லாப் பெயரும் ஒன்றல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்று ஓர் இதழைத் தொடங்கினார். அங்கே பெயரே போராட்டம். ஊர் எதை வசையாகச் சொன்னதோ அதையே தலைப்பில் ஏற்றிக் கடைக்கு அனுப்பினார். அந்தப் பெயரை யாருக்காகவும் மாற்றியிருக்கக் கூடாது. அம்பேத்கரின் 1956 முடிவையும் நான் இந்த வரிசையில்தான் வைப்பேன். நாம் பேசும் தளத்தின் பெயர் அப்படிப்பட்டதல்ல. அது பெயர்ப் பலகை. பலகையை மாற்றலாம்.

வழக்குப் போடலாமே என்று கேட்கலாம். போடலாம். முன்னுதாரணமும் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த சிஃபி நிறுவனம், தன் பெயரில் ஓர் 'எஃப்' கூட்டி 'சிஃபிநெட்' என்று பதிவு செய்தவர்கள் மீது தொடுத்த வழக்கில், 2004 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணைய முகவரி என்பது வெறும் விலாசமல்ல, வணிக அடையாளம், அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றது. எதிர்த் தரப்போ, தங்கள் ஐந்து பங்காளிகளின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர் என்று வாதாடிப் பார்த்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் கீழ் நீதிமன்றத்தில் வென்று, உயர் நீதிமன்றத்தில் தோற்று, டெல்லி வரை போக ஒரு நிறுவனத்துக்குப் பணம் இருந்தது. நம்மிடம் இருப்பது ஆண்டுச் சந்தாவுக்கே உண்டியல் குலுக்கும் நிலைமை.

பெயர்க் குழப்பத்தில் இலாபம் யாருக்குப் போகும் என்று ஆரணிக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் முள்ளிப்பட்டில் தறியிலிருந்து இறங்கும் சேலை, நகரத்துக் கடையின் கண்ணாடி அலமாரியில் 'காஞ்சிப் பட்டு' ஆகிவிடும். ஆரணிப் பட்டுக்கென்று தனிப் புவிசார் குறியீடு இருந்தும் இதுதான் நிலைமை. கூலிக்கு நெய்யும் என் அம்மாவுக்கு அந்தப் பெயரிலும் பங்கில்லை, இந்தப் பெயரிலும் பங்கில்லை.

அம்மாவின் தறியில் பார்த்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பாவு தீர்ந்தால் பழைய பாவின் முனையை அறுத்து எறிய மாட்டார்கள். அதன் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் ஓர் இழையைப் பிணைத்து இழுப்பார்கள். அறுத்துவிட்டால் அச்சிலும் விழுதிலும் ஆயிரக்கணக்கான இழைகளை முதலிலிருந்து கோக்க வேண்டியிருக்கும். தளத்தின் பெயரை மாற்றும்போது நிரந்தர மடைமாற்றம் என்று கணினிக்காரர்கள் சொல்வது இந்த வேலைதான். முகப்புப் பக்கத்தை மட்டும் திருப்பிவிட்டால் போதாது. பழைய கட்டுரை ஒவ்வொன்றின் முகவரியும் புதிய தளத்தில் அதே கட்டுரைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் என் ஆய்வேட்டின் அடிக்குறிப்புகள். 2012இல் கூகுள், இந்திய வாசகர்களை ப்ளாக்ஸ்பாட்டின் '.காம்' முகவரியிலிருந்து '.இன்' முகவரிக்குத் திருப்பியது. திரையில் தெரிந்ததை நாங்களும் அப்படியே நகலெடுத்து வைத்தோம். 2020இல் அந்த '.இன்' முகவரி கூகுளின் கையைவிட்டே போனது. அவ்வளவு பெரிய நிறுவனம் தன் முகவரி ஒன்றைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. தலித் எழுத்தாளர்கள், களப் பணியாளர்கள் அச்சில் இடம் கிடைக்காமல் வலைப்பூவில் எழுதியவற்றை மேற்கோள் காட்டிய என் குறிப்புகள் ஒரே நாளில் செத்துப்போயின. ('.இன்' என்பதை '.காம்' என்று திருத்தினால் பெரும்பாலும் திறக்கும். உங்கள் குறிப்புகளில் இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.) 2009இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது அங்கிருந்த பக்கங்களுக்கு அந்த வாய்ப்பும் இருக்கவில்லை.

முகவரி காலாவதியானால் கொஞ்சம் சலுகைக் காலம் உண்டு. '.காம்' என்றால் அதன்பின் முப்பது நாள் மீட்புக் காலம், அதற்கும் கூடுதல் கட்டணம். பிறகு ஐந்தே நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். காத்திருந்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆணவக்கொலை பற்றிய உண்மை அறியும் அறிக்கை ஒன்று இருந்த முகவரியில் நாளை சூதாட்ட விளம்பரம் வரும், அல்லது அந்த வரன் தளமே வந்து உட்காரும்.

ஆகவே தோழர்களே, புதுப் பெயர் எது என்று வாக்கெடுப்பு நடத்துவதற்கு முன் வேறொரு வேலை இருக்கிறது. விசாரித்ததில், தளத்தின் பதிவு இன்றைக்கும் ஒரே ஒரு தோழரின் பெயரில் இருக்கிறது. புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் மடல்கள் அவருடைய பழைய அலுவலக மின்னஞ்சலுக்குப் போகின்றன. அந்த வேலையை விட்டு அவர் வந்து மூன்றாண்டாகிறது. அந்தப் பதிவைக் குழுவின் பொது மின்னஞ்சலுக்கு மாற்றி, பழைய முகவரிக்குப் பத்தாண்டுக் கட்டணத்தை ஒரே தவணையில் கட்டிவிடுங்கள். உண்டியலில் என் பங்கு இந்த மாத உதவித்தொகை வந்ததும் விழும்.