ரெட்டைக் குழாய் லாரியும் ஒரு வர்க்கக் கணக்கும்

மக்களே, காமர்ஸ் படிக்கிறவனுக்கு சைலன்சரில் என்ன வேலைன்னு கேட்காதீங்க. இது வெறும் கணக்குதான். தூத்துக்குடி துறைமுகத்துக்கு லோடு அடிக்கிற லாரியில் ஒற்றை 4 இஞ்ச் குழாயைக் கழற்றிட்டு இரண்டு 5 இஞ்ச் மாட்டினா இழுவை கூடுமாம்!

விட்டத்தை வர்க்கமாக்குங்க. பழசு 16. இரண்டு 3 இஞ்ச் போட்டாலே 18. (சின்னக் குழாயில் உராய்வு கூட, அதனால் ஏறக்குறைய சமம்.) இரண்டு 5 என்றால் 50. ஆனா டர்போவின் வாய் அதே அளவுதானே? தொண்டையை விட்டுட்டு வாலைப் பெருசாக்கி என்னத்துக்கு? சைலன்சரையும் எடுத்துட்டா மிஞ்சுவது சத்தம்தான்.

மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ல், 2019 திருத்தத்துக்கு அப்புறம், அபராதம் 10,000 ரூபாய் வரை. லைசென்ஸும் 3 மாசம் போயிடும். ஆசைப்பட்டது ஓனர், மாட்டுறது டிரைவர் அண்ணாச்சி. அந்த 3 மாசச் சம்பளத்தை எந்தக் கணக்கில் எழுதுவார் முதலாளி?