பைகளைப் பார்த்துக்கொண்ட தம்பி



சென்ற கோடைகால விளையாட்டு நாளில், பார்வைக் குறைவுள்ள நம் தம்பி ஒருவனுக்கு ஒரு பொறுப்புக் கொடுத்தோம்: எல்லாருடைய பைகளையும் பார்த்துக்கொள்வது! அன்பாகத்தான் கொடுத்தோம். நிழலில் கதிரை போட்டோம், ரோல்ஸும் சோடாவும் கொண்டுபோய்க் கொடுத்தோம். "விழுந்துவிடுவான், பாவம்" என்று ஆன்ரிமார் சொன்னது நமக்கும் சரியாகவே பட்டது. மூன்று மணி நேரம் அவன் மற்றவர்களின் ஆரவாரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். பர்திமேயுவுக்குப் பார்வை இல்லை என்பது எரிகோவில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் ஆண்டவர் அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நாம் அதைக்கூடக் கேட்கவில்லை.

நம்மில் பலர் பஸ்ஸில் கடந்துபோகும் அப்பர் நோர்வூட்டில், 1872இல் பார்வையற்றோருக்கென்று ஒரு கல்லூரி தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவரான தோமஸ் ஆர்மிட்டேஜ் பார்வை மங்கிய மருத்துவர், இன்றைய ஆர்.என்.ஐ.பி.க்கு 1868இல் அடித்தளம் இட்டவரும் அவரே. கல்லூரி முதல்வர் பிரான்சிஸ் காம்பெல் சிறுவயதிலேயே பார்வையை இழந்த அமெரிக்கர். மாணவர்கள் அங்கே இசையும், பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் தொழிலும் கற்றார்கள். அதோடு நீச்சலும் ஸ்கேட்டிங்கும்! இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. சுருதி சேர்க்கிறவர் வீடு வீடாகத் தனியே போகவேண்டும். தெருவில் இறங்கப் பயந்தால் கற்ற தொழில் சோறு போடாது. காம்பெல் 1880இல் மொன் பிளாங்க் மலையிலேயே ஏறிக் காட்டினார்.

நம் ஊர்களும் பின்தங்கவில்லை. பாளையங்கோட்டையில் மிஷனரி அஸ்க்வித் அம்மையார் 1890இல் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். இலங்கையில் இரத்மலானைப் பள்ளி 1912இல் வந்தது. இந்தப் பிள்ளைகள் படிக்கவேண்டும் என்பதை நம் சபைகள் அன்றே ஏற்றுக்கொண்டன. ஓடவிடத்தான் இன்னும் தயங்குகிறோம்.

இங்கே பள்ளியில் பி.ஈ. நேரத்தில் பிள்ளையை நூலகத்தில் உட்காரவைத்தால், பெற்றோர் பேசாமல் இருக்கவேண்டியதில்லை. பாடத்தை அந்தப் பிள்ளைக்கு ஏற்றபடி நியாயமான அளவு மாற்றித்தர 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பள்ளியைக் கட்டாயப்படுத்துகிறது. பார்வைக் குறைவுள்ள பிள்ளைகளுக்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் இருக்கிறார்கள், கவுன்சிலில் விசாரியுங்கள். சொந்தக்காரருக்குத் தெரிந்துவிடுமே என்று கேட்காமல் விடுகிற வீடுகள் நம்மிடையே உண்டு. கலியாணப் பேச்சு வரைக்கும் அந்தப் பயம் போகிறது.

சரி, தம்பிக்கு வருவோம். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அவனிடம் கேட்டோம். "ஓட வேணும் அண்ணா. பக்கத்தில ஒருத்தர் ஓடினால் போதும்" என்றான். அவ்வளவுதான்! 2004இல் புஷி பார்க்கில் 13 பேரோடு தொடங்கிய பார்க்ரன் இப்போது எத்தனையோ பூங்காக்களில் சனிக்கிழமை காலை 9 மணிக்கு நடக்கிறது. 5 கிலோமீட்டர், இலவசம். ஒரு சிறு கயிற்றின் ஒரு முனை அவன் கையில், மறு முனை நம் கையில். திருப்பமும் மேடும் பள்ளமும் வரும்போது வாயால் சொல்லவேண்டும். நம்மில் இருவர் மாறி மாறிப் போகிறோம். மூச்சு வாங்குவது அவனுக்கு அல்ல.

வருகிற விளையாட்டு நாளுக்குக் கோல்போலும் சேர்த்திருக்கிறோம். போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946இல் உருவான ஆட்டம் இது. 2012 பராலிம்பிக்கில் ஸ்ட்ராட்ஃபர்ட் கொப்பர் பொக்ஸ் அரங்கில் நடந்தது. அணிக்கு மூவர், எல்லாருக்கும் கண் முழுதும் மூடப்படும், ஆகவே பார்வை உள்ளவருக்குச் சலுகை இல்லை. ஒன்றேகால் கிலோ எடையுள்ள பந்துக்குள் மணிகள் இருக்கும். சத்தம் கேட்டுத்தான் பாய்ந்து தடுக்கவேண்டும். பந்து உருளும்போது பார்வையாளர் வாய் திறக்கக்கூடாது. ரோல்ஸ் மேசையில் நிற்கும் ஆன்ரிமாரிடம் இதை இப்போதே சொல்லிவைத்திருக்கிறோம். பைகளை இந்தமுறை அவரவர் பார்த்துக்கொள்ளவும்.