‘கன்வெர்ஷன்தானே’ என்று இழுக்காதீர்கள்!



போன பொங்கல் லீவில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு கலாட்டாவைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். சென்னையில் வேலை பார்க்கும் என் மாமா பையன், பெரிய லேப்டாப் ஒன்றையும், தலையில் மாட்டும் வி.ஆர். கருவி ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

“இது சாதா கேம்தாண்டா. மானிட்டர்ல ஆடறதுக்குன்னு செஞ்சது. நடுவுல ஒரு சாஃப்ட்வேர் போட்டு வி.ஆரா மாத்தி வெச்சிருக்கேன். மாட்டிப் பாரு” என்றான்.

மாட்டினேன். அடடா! நான் எத்தனையோ தடவை கம்ப்யூட்டர் திரையில் பார்த்த அதே காடு. ஆனால் இப்போது நான் அதற்குள்ளே நிற்கிறேன். அண்ணாந்து பார்த்தால் மரம் நிஜமாகவே உயரமாக இருக்கிறது. கீழே பார்த்தால் பள்ளம், கால் கூசுகிறது. சந்தோஷத்தில் கன்ட்ரோலரை முன்னால் தள்ளி ஓட ஆரம்பித்தேன்.

பத்தாவது நிமிடம் தலை சுற்றியது. பன்னிரண்டாவது நிமிடம், காலையில் சாப்பிட்ட சர்க்கரைப் பொங்கல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கருவியைக் கழற்றி வீசாத குறையாகக் கொடுத்துவிட்டு, திண்ணையிலேயே சாய்ந்தேன். எங்கள் ஆயா ஓடிவந்து, “இன்னாடா ஆச்சு புள்ளைக்கு? கண்ணை மூடிக்கினு ஆகாசத்தப் பாத்து ஆடறான்! எதுனா காத்து கருப்பு அண்டிடுச்சா?” என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுவிட்டார்கள்.

லீவு முடிந்து வந்து இந்தக் கதையை கேன்டீனில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தன் மட்டும், “கன்வெர்ஷன்தானே மச்சான்! ஒரிஜினல் வி.ஆர். கேம் ஆடிப் பாரு. இதெல்லாம் டூப்பு” என்றான்.

அந்த ‘தானே’தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

அப்படி என்ன மாயம் செய்கிறது?

நம் இரண்டு கண்களுக்கும் நடுவே சராசரியாக 63 மில்லிமீட்டர் இடைவெளி. ஒவ்வொரு கண்ணும் கொஞ்சம் வேறு படத்தைப் பார்க்கிறது. இரண்டையும் மூளை சேர்த்து ‘ஆழம்’ என்று புரிந்துகொள்கிறது. இதை 1838-லேயே சார்லஸ் வீட்ஸ்டன் தன் ஸ்டீரியோஸ்கோப் கருவியால் காட்டிவிட்டார். நம் லேபில் ‘பிரிட்ஜ்’ போட்டு மண்டையை உடைத்துக்கொள்கிறோமே, அதே வீட்ஸ்டன்தான்!

சாதாரண கேமில் ஒரே ஒரு கற்பனைக் கேமரா இருக்கும். கம்ப்யூட்டரின் உள்ளே மரம், வீடு, மனிதன் எல்லாமே முப்பரிமாணக் கணக்காகத்தான் இருக்கின்றன. அந்தக் கேமராதான் எல்லாவற்றையும் தட்டையாக்கித் திரைக்கு அனுப்புகிறது. கன்வெர்ஷன் சாஃப்ட்வேர் செய்வது இதுதான். கேமுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கேம் ‘இந்தக் காட்சியை வரை’ என்று அனுப்பும் கட்டளையை வழியில் மறித்து, கேமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி ஒரு படம், வலப்பக்கம் தள்ளி ஒரு படம் என்று இரண்டாக வரையச் சொல்கிறது. நீங்கள் தலையைத் திருப்பினால் கேமராவையும் திருப்புகிறது. கேமைச் செய்தவர் கொடுத்த மூல நிரல் கையில் இல்லாமலே இவ்வளவும் நடக்கிறது!

இதை மூன்று விதமாகச் செய்கிறார்கள்.

முதலாவது, இரண்டு கண்ணுக்கும் உண்மையாகவே இரண்டு தடவை வரைவது. பார்க்க அருமை. ஆனால் வேலை இரட்டிப்பு. வி.ஆருக்கு வினாடிக்கு 90 படம் வேண்டும் என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 11 மில்லி செகண்ட். அந்த 11-க்குள் இரண்டு கண்ணுக்கும் வரைந்து முடிக்க வேண்டும். சாதா கம்ப்யூட்டர் மூச்சு வாங்கிவிடும்.

இரண்டாவது, ஒரே தடவை வரைந்துவிட்டு, எந்தப் புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கணக்கை வைத்து அடுத்த கண்ணுக்குப் புள்ளிகளை நகர்த்திக்கொள்வது. வேலை மிச்சம். ஆனால் ஒரு பொருளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. செஞ்சி ரோட்டில் மண்டகப்பட்டுக் குடைவரைக்குப் போயிருக்கிறீர்களா? மகேந்திரவர்மன் குடைந்த கோயில். அங்கே இரண்டு பக்கமும் நிற்கும் துவாரபாலகர்கள் எவ்வளவு கம்பீரம்! ஆனால் அவர்களின் முதுகைப் பார்க்க முடியுமா? அது பாறையோடு பாறை. இந்த இரண்டாவது முறையும் அப்படித்தான். முன்பக்கம் புடைத்து நிற்கும், ஓரத்தில் பிசிறடிக்கும்.

மூன்றாவது, ஒரு படம் இடக்கண்ணுக்கு, அடுத்த படம் வலக்கண்ணுக்கு என்று மாற்றி மாற்றி வரைவது. மெதுவாக நடந்தால் பிரச்னை இல்லை. வேகமாக எதாவது குறுக்கே ஓடினால் ஒன்றுக்கு இரண்டாகத் தெரியும்.

‘சிவாஜி’ சொன்ன பாடம்

கன்வெர்ஷன் என்பது நமக்குப் புதுசா? ரஜினி நடித்த ‘சிவாஜி’ 2007-ல் சாதாப் படமாக வந்தது. அதையே 3டி-யாக மாற்றி 12.12.2012 அன்று, ரஜினியின் பிறந்த நாளில், வெளியிட்டார்கள். மாற்றியது சென்னையில், பிரசாத் நிறுவனத்தில். படம் எடுத்தபோது ஒரே ஒரு லென்ஸ்தான் இருந்தது. எது முன்னால், எது பின்னால் என்ற கணக்கு ஃபிலிமில் கிடையாது. எனவே காட்சி காட்சியாக ஆட்களே உட்கார்ந்து ஆழத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். படத்தின் நீளத்தையும் குறைத்தார்கள்.

அதே ஷங்கர் 2018-ல் ‘2.0’ எடுத்தபோது, ஆரம்பத்திலேயே 3டி கேமராவில் எடுத்தார். ‘மாற்றுவதை’ விட ‘முதலிலேயே செய்வது’ நல்லது என்றுதானே இதற்கு அர்த்தம் என்று கேட்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2012-ல் ‘சிவாஜி’யை மாற்றியபோது நம் ஊர் டெக்னீஷியன்கள் ஆழத்தைப் பற்றிக் கற்றுக்கொண்டது வீணாகவா போயிருக்கும்?

கேம் உலகத்திலும் இதே கதைதான். ‘ஹாஃப் லைஃப் 2’ என்பது 2004-ல் வந்த சாதா கேம். ரசிகர்கள் ஒன்று சேர்ந்து, கையில் பிடித்துச் சுடுவது உட்படப் பல விஷயங்களைத் திருத்தி அமைத்து, 2022-ல் அதை வி.ஆர். ஆக்கி இலவசமாகக் கொடுத்தார்கள். அது ஒவ்வொன்றாக உட்கார்ந்து செதுக்கியது. ‘வோர்ப்எக்ஸ்’ என்ற சாஃப்ட்வேர் 2013-லிருந்து காசுக்கு விற்கப்படுகிறது. பல கேம்களுக்குப் பொதுவாகப் பொருந்தும். 2024 தொடக்கத்தில் ‘பிரேடாக்’ என்ற புனைபெயர் கொண்ட ஒரு புரோகிராமர் ‘யூ.இ.வி.ஆர்.’ என்ற சாஃப்ட்வேரை இலவசமாகவே வெளியிட்டார். அன்ரியல் எஞ்சின் என்ற அடித்தளத்தில் கட்டிய கேம்கள் ஏராளம். அந்த அடித்தளம் எப்படி வேலை செய்கிறது என்று ஒருவர் புரிந்துகொண்டதால், அதன்மேல் கட்டிய எத்தனையோ கேம்களுக்கு ஒரே சாவி கிடைத்துவிட்டது. தனி ஆளாக ஒருத்தர் சாதித்தது இது. நினைத்துப் பாருங்கள்!

எங்கே இடிக்கிறது?

நான் கன்வெர்ஷனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பதற்காக அதன் குறையை மறைக்க மாட்டேன். (வாந்தி எடுக்கப் பார்த்தவனே நான்தானே!)

நாடகத்தில் சீன் படுதா கட்டுவார்கள். முன்னால் உட்கார்ந்தால் அரண்மனை. மேடை ஏறிப் பின்னால் போனால் மூங்கிலும் கயிறும். சாதா கேமும் அப்படித்தான். கேமரா பார்க்காத பக்கத்தைப் பெரும்பாலும் அது வரைவதே இல்லை. வி.ஆரில் சட்டென்று தலையைத் திருப்பினால், ஓரத்தில் சுவர் காணாமல் போயிருக்கும். கதைக் காட்சி நடுவில் பக்கத்தில் எட்டிப் பார்த்தால், தன் முறை வராத பாத்திரம் கையை விரித்துக்கொண்டு மரம் மாதிரி நிற்கும்.

கேமரா உயரத்தில் இருக்கும் கேம்கள் வேறு விதம். புனேயில் செய்து 2020-ல் வந்த நம் நாட்டு கேம் ‘ராஜி’ அந்த வகை. இப்படிப்பட்டதை மாற்றினால் நாம் அதற்குள் இருக்க மாட்டோம். கொலுப்படிக்கு முன்னால் உட்கார்ந்து பொம்மையைப் பார்ப்பது போல இருக்கும். அதுவும் ஒரு அழகுதான். ஆனால் 2023-ல் வந்த ‘வெண்பா’வை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மாவின் சமையல் புத்தகம், இட்லி, பிரியாணி என்று நெஞ்சைத் தொடும் கேம். அது கையால் வரைந்த தட்டைச் சித்திரம். அதற்கு ஆழம் தேவையே இல்லை. அதன் ஆழம் கதையில் இருக்கிறது! எல்லாவற்றையும் மாற்றியே தீருவேன் என்பது பைத்தியக்காரத்தனம்.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். கண் ‘ஓடுகிறேன்’ என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘உட்கார்ந்திருக்கிறேன்’ என்கிறது. இரண்டுக்கும் சண்டை, அவஸ்தை வயிற்றுக்கு. பஸ்ஸில் புத்தகம் படித்தால் குமட்டுகிறதே, அதன் மறுபக்கம் இது. முதலிலேயே வி.ஆருக்கென்று செய்தவர்கள் இதை யோசித்து, நடப்பதற்குப் பதிலாக இடம் விட்டு இடம் தாவ வைப்பது போன்ற வழிகளை வைப்பார்கள். சாதா கேம் செய்தவர் உங்கள் வயிற்றைப் பற்றி ஏன் யோசிக்கப் போகிறார்? அதனால் ஆரம்பத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். குமட்டல் தொடங்கிய உடனே கழற்றிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுவது வீரம் இல்லை.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. நடுவில் புகுந்து கேமை மாற்றும் சாஃப்ட்வேரை, ஆன்லைன் போட்டிகளில் இருக்கும் மோசடித் தடுப்பு ‘திருட்டு வேலை’ என்று நினைத்து உங்கள் அக்கவுன்ட்டையே மூடிவிடலாம். தனி ஆட்டத்தோடு நிறுத்துங்கள். அடுத்தது சட்டம். லூக் ராஸ் என்பவர் ‘ஜி.டி.ஏ. 5’ போன்ற கேம்களை வி.ஆராக மாற்றி, மாதச் சந்தா கட்டியவர்களுக்குக் கொடுத்து வந்தார். 2022 ஜூலையில் டேக்-டூ நிறுவனம் சட்டத்தைக் காட்டியது. அந்த நிறுவனத்தின் கேம்களுக்கான மாற்றங்களை அவர் எடுத்துவிட வேண்டியதாயிற்று. அடுத்தவன் வீட்டுக்கு வெள்ளை அடித்துவிட்டு வாடகை கேட்டால் பிரச்னை வரும் என்பது தெரிகிறது. ஆனால் வாங்கிய கேமை வாங்கியவன் தன் வீட்டில் எப்படிப் பார்த்தால் என்ன என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

சரி, இதில் நமக்கென்ன?

இங்கேதான் விஷயமே இருக்கிறது, நண்பர்களே.

முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டயர் வண்டியை நம்மில் பலர் பார்த்து வளர்ந்திருக்கிறோம். கட்டைச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரும்பு அச்சும் டயரும் மாட்டியது யார்? எந்தப் பெரிய கம்பெனியும் இல்லை. நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள். வண்டியின் பாரம் எங்கே இறங்குகிறது, மாட்டின் கழுத்து எவ்வளவு தாங்கும் என்று தெரிந்தவன்தான் அதைச் செய்ய முடியும். அதைப் பார்த்து யாராவது ‘கன்வெர்ஷன்தானே’ என்றார்களா?

மாற்றுவது வேறு, காப்பி அடிப்பது வேறு. கோபப்படாமல் கேளுங்கள். ஆறாவது செமஸ்டர் புராஜெக்ட் என்றால் நம்மில் எத்தனை பேர் கடையில் காசு கொடுத்து ரெடிமேடாக வாங்கி, ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றுகிறோம்? வைவாவில் ‘இந்த ரெசிஸ்டர் எதுக்குப்பா?’ என்று கேட்டால் முழிக்கிறோம். எங்கள் பேட்சிலேயே இது நடந்தது. நானும் உத்தமன் இல்லை. முதல் ரெவ்யூவுக்கு விலை விசாரித்தவன்தான். ஒரு கேமை வி.ஆராக மாற்றுகிறவனால் அப்படி முழிக்க முடியாது. அடுத்தவர் செய்ததன் உள்ளே போய், கேமரா எங்கே, தூரக் கணக்கு எங்கே என்று கண்டுபிடித்தால்தான் ஒரு அடி நகரும். அது படிப்பு!

எனவே நம் மாணவர் சங்கத்துக்கு என் கோரிக்கை. ஆண்டு விழாவுக்கு மேடையும் லைட்டும் போடும் செலவில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள ஒரே ஒரு கம்ப்யூட்டரும், ஒரு வி.ஆர். கருவியும் வாங்குங்கள். ஆடுவதற்கு அல்ல, பிரித்துப் பார்ப்பதற்கு. அதுவரைக்கும், இரண்டு லென்ஸ் உள்ள அட்டைப் பெட்டியில் செல்போனைச் செருகி ஆரம்பிக்கலாம். 2014-ல் கூகுள் ‘கார்ட்போர்டு’ என்று காட்டியது அதைத்தான். அவர்கள் விற்பதை 2021-ல் நிறுத்திவிட்டாலும் அட்டையும் லென்ஸும் எங்கும் போய்விடவில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள். உங்கள் போனில் கைரோஸ்கோப் இருக்க வேண்டும். விலை குறைந்த பல போன்களில் அது கிடையாது; தலையைத் திருப்பினாலும் படம் ஒழுங்காகத் திரும்பாது.

கடைசியாக ஒன்று. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் ‘என்னப்பா படிக்கிற?’ என்று கேட்பார்கள். ‘டிப்ளமோ’ என்போம். ‘ஓ... டிப்ளமோதானே’ என்று ஒரு இழுப்பு வரும். நாளைக்கு நம்மில் சிலர் நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்ந்தால், அங்கேயும் ‘லேட்டரல்தானே’ என்பார்கள். அந்த ‘தானே’ எப்படிக் குத்தும் என்று நமக்குத் தெரியும். சாலிடரிங் அயர்னில் விரல் சுட்டுக்கொண்டு கற்றது அவர்களுக்குத் தெரியாது. அப்படி இருக்க, கேன்டீனில் உட்கார்ந்துகொண்டு நாமே இன்னொருவர் உழைப்பைப் பார்த்து ‘கன்வெர்ஷன்தானே’ என்று சொல்லலாமா?

நம் விக்கிரவாண்டியும் ஒரு மாறும் இடம்தான். திருச்சி ரோட்டில் வரும் வண்டி, கும்பகோணம், தஞ்சாவூர் போக வேண்டுமென்றால் இங்கேதான் திரும்ப வேண்டும். திருப்பம் தெரியாதவன் நேராகப் போய்விட்டு அப்புறம் தேடுவான். நாம் திருப்பத்திலேயே நின்று படிக்கிறோம். கொஞ்சம் கண்ணைத் திறந்து படிப்போம்.

அடுத்த பொங்கலுக்கு மாமா பையன் மறுபடியும் வருவான். இந்தத் தடவை, சுற்றிப் போடக் கொஞ்சம் உப்பும் மிளகாயும் தயாராக எடுத்து வைக்கும்படி ஆயாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் மாட்டுவதற்கு முன்னால், அந்த சாஃப்ட்வேருக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் மாட்டுவேன்!

— மூன்றாம் ஆண்டு, இ.சி.இ.