தன்னம்பிக்கை வகுப்பு வேண்டாம், பாக்கியைக் கொடுங்கள்

சிறுதொழில் செய்பவர்களுக்கான ஒருநாள் பயிற்சிக்குப் போயிருந்தேன். கோட்டு போட்ட பயிற்றுநர், "உங்களிடம் இல்லாதது பணம் அல்ல, பணத்தைப் பற்றிய தன்னம்பிக்கை" என்றார். வந்திருந்த நாற்பது பேரில் பாதிப் பேர் சேரியிலிருந்து வந்தவர்கள். எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். ஐந்து வருடம் கழித்து உங்கள் கல்லாவில் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள் என்றார். எனக்குத் தெரிந்தது என் பில் புத்தகம்தான். அதில் வசூலாகாத பக்கங்கள்.

வட மாவட்டத்துச் சிறு டவுன் ஒன்றில் பந்தல், சேர், சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 200 பிளாஸ்டிக் சேர், இரண்டு ஜோடி ஸ்பீக்கர் பாக்ஸ், ஒரு ஜெனரேட்டர், சீரியல் செட், சமையல் பாத்திரங்கள். ஊர்த்தெருவிலிருந்தும் ஆர்டர் வரும். சேர் எடுப்பார்கள், ஸ்பீக்கர் எடுப்பார்கள், ஜெனரேட்டர் எடுப்பார்கள். அண்டாவும் கரண்டியும் மட்டும் எட்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள வேறொரு கடையிலிருந்து வரும். யாரும் காரணம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நான் போட்ட முதலில் மூன்றில் ஒரு பங்கு இப்படிப் பாதி நாள் பரணில் தூங்குகிறது. இந்த நட்டத்தைப் பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அந்தக் கோட்டு போட்டவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மதியச் சாப்பாடு வந்துவிட்டது.

பாத்திரத்தைவிடப் பெரிய கதை பாக்கி. போன வருடம் ஊர்த் திருவிழாவுக்கு மூன்று ராத்திரி சவுண்ட், லைட், சேர். பில் 18,500 ரூபாய், முன்பணம் 3,000. ஒரு மாதம் பொறுத்துவிட்டு விழாக்குழுப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்க வைத்துத்தான் பேச்சு. "என்னடா, ஊரு என்ன ஓடியா போயிடும்? அடுத்த திருவிழாவுல சேத்து வாங்கிக்க." அதே திருவிழாவுக்குப் பூ அலங்காரம் செய்தவர் அவர்கள் ஆள். கொடி இறங்கிய மறுநாளே அவருக்குப் பட்டுவாடா முடிந்துவிட்டது.

வீட்டில் சொன்னால் அப்பா, "விட்டுடுப்பா. உன் சித்தி அவங்க கழனிக்குத்தான் நடவுக்குப் போறா" என்கிறார். இதுதான் எங்கள் நிதி நிர்வாகம். என் பாக்கியை நான் வாய்விட்டுக் கேட்டால் அதற்கு வட்டி கட்டப் போவது சித்தி. தன் பணத்தைக் கேட்பதற்கே குடும்பத்தின் கூலியை அடகு வைக்க வேண்டிய ஒருவனிடம் போய், உனக்குத் தன்னம்பிக்கை குறைவு என்று சொல்வதற்கு எவ்வளவு திமிர் வேண்டும்?

என் பாட்டன் அந்த ஊருக்குப் பறையடித்தவர். களத்தில் அள்ளிப் போட்டதுதான் கூலி. இவ்வளவு வேண்டும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் முதுகில் வாங்கியிருப்பார். பாட்டன் தோளில் பறை, பேரன் மினி வேனில் ஸ்பீக்கர். ஊருக்கு இரண்டும் ஒன்றுதான். கூப்பிட்டால் வர வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். இடையில் நான் பில் புத்தகத்தை நீட்டியதுதான் குற்றம்.

பண அறிவு இல்லை என்பது அடுத்த பல்லவி. கொலம்பியாவில் பொருளாதாரம் படித்து, லண்டனிலும் படிப்பைத் தொடங்கிவிட்டுத் திரும்பிய ஒரு இளைஞர், பரோடா வேலையில் பட்ட அவமானத்துக்குப் பிறகு பம்பாயில் பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஆலோசகர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். கடையை மூடினார். பின்னர் 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்வுக்காக லண்டனில் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அண்ணல் அம்பேத்கருக்கு நிதி அறிவு போதவில்லை என்று எந்தப் பயிற்றுநராவது சொல்வாரா?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். எங்கள் தெருப் பெண்களிடம் கேளுங்கள். தண்டலில் 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 தருவான். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அசல் தினமும் குறைவதால் சராசரியாகக் கையில் நிற்பது நாலாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு மூன்றேகால் மாதத்தில் 1,500 வட்டி. வருடக் கணக்கில் பார்த்தால் நூறு விழுக்காட்டைத் தாண்டுகிறது. காய்கறிக் கூடை வைத்திருக்கும் அக்கா இதை விரல்விட்டுச் சொல்கிறார். தெரிந்துதான் வாங்குகிறார், வேறு கதவு திறக்கவில்லை என்பதால்.

வங்கிக் கதவைத் தட்டினேன். ஜெனரேட்டருக்கு நான்கு லட்சம் கேட்டேன். மேலாளர், "அப்பா பேர்ல பட்டா இருக்கா?" என்றார். குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்று 2010இலேயே ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பட்டா கேட்கிறார்கள்! 1892இல் வெள்ளைக்காரன் எங்களுக்கென்று ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் இன்று யார் பட்டாவில் இருக்கிறது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் அல்லவா கேட்க வேண்டும். 2016இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா, கிளைக்குக் குறைந்தது ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்கும் ஒரு பெண்ணுக்கும் கடன் என்றது. எங்கள் டவுனில் நான்கு கிளைகள். அந்தக் 'குறைந்தது ஒருவர்' யார் என்று இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகள் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியல் சாதியினரின் கடன் விண்ணப்பத்தைக் கிளையிலேயே நிராகரிக்கக் கூடாது, அடுத்த மேல்நிலையில்தான் நிராகரிக்க வேண்டும், காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை இருக்கிறது. அதனால் வாயால் 'இல்லை' என்று சொல்ல விடாதீர்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள், மறுத்தால் அதையும் எழுத்தில் கேளுங்கள். நான் கேட்டேன். பட்டாப் பேச்சு நின்றது. கடன் இன்னும் வரவில்லை, கோப்பு மேலே போயிருக்கிறதாம்.

எல்லாம் உழைப்பு என்பார்கள். திருப்பூர் பின்னலாடை முதலாளிகளைப் பற்றி ஷரத் சாரி 2004இல் ஒரு நூல் எழுதினார். உழைத்துத்தான் முன்னுக்கு வந்தோம் என்று அவர்கள் சொல்வதையும், அந்த உழைப்புக்குப் பின்னால் சாதி உறவும் விவசாயப் பின்னணியும் நின்றதையும் சேர்த்தே அது காட்டுகிறது. அவர்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. சித்தி நடவில் குனிவதும் உழைப்புதான். அவளுக்குக் கைமாற்றுக் கொடுக்க ஆலை வைத்திருக்கும் பங்காளி இல்லை.

நம் தோழர்களிடமும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. கடை வைத்தேன் என்றதும், "குட்டி முதலாளி ஆயிட்டீங்க" என்று ஒரு தோழர் சிரித்தார். அவர் அப்பா ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. தலித் கோடீஸ்வரன் வந்தால் சாதி போய்விடும் என்று நானும் நம்பவில்லை. ஆனால் சேரிக்காரன் விலை சொல்வதும், பில் போடுவதும், பாக்கியைக் கேட்பதும் இந்த ஊரில் சாதிக்கு எதிரான காரியங்கள்தான். அதற்குத் துணையாக வந்து நிற்க ஆள் வேண்டும். கருத்தரங்குக்கு இலவசமாக மைக் கேட்க மட்டும் என் நினைப்பு வருகிறது உங்களுக்கு.

இந்த ஆடித் திருவிழாவுக்கு விழாக்குழுவிலிருந்து ஆள் வந்தார். பழைய பாக்கி 15,500 ரூபாயைக் கொடுத்தால் வண்டி கிளம்பும் என்றேன். முறைத்துவிட்டுப் போனார். வேறு ஊரிலிருந்து செட் இறக்கிக்கொண்டார்கள். என் சேர்கள் மூன்று ராத்திரியும் கடையிலேயே அடுக்கிக் கிடந்தன. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நினைத்தபடியே சித்தியை நடவுக்குக் கூப்பிடவில்லை. "கேட்டது கேட்டாச்சு, இனிமே கொறைக்காத" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஊருக்கு நடவுக்குப் போகிறாள். போக வர ஷேர் ஆட்டோவுக்கு 40 ரூபாய். அதைத் தினமும் கடைச் செலவில் எழுதி வருகிறேன்.