உறைபனியை அளக்க எத்தனை கிகாஹெர்ட்ஸ்?

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் போர்டில் புதியது ஒன்று வெளிவந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓர் அட்டவணையும் வந்துவிடும். இடப்பக்கம் பழைய போர்டுகள், வலப்பக்கம் புதியது. பிராசசர் வேகம், ரேம், யூஎஸ்பி என்று ஒவ்வொரு வரியிலும் வலப்பக்கம் போகப் போக எண்கள் கொழுக்கும். பார்ப்பவர் மனதில் ஒன்றுதான் தங்கும்: கடைசிக் கட்டத்தில் இருப்பதை வாங்கு, மற்றதெல்லாம் பழைய இரும்பு. புராஜெக்ட் செய்யும் கல்லூரி மாணவரும் சரி, பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டுத் தோட்டத்தில் எதையாவது அளந்து பார்க்க ஆசைப்படும் பெரியவரும் சரி, இந்த அட்டவணையை நம்பித்தான் பணத்தை எடுக்கிறார்கள். மேசைமேல் வைத்துப் படம் பார்ப்பதற்கு அந்த அட்டவணை சரியாக இருக்கலாம். பொழுதுபோக்காகக் கருவி செய்பவருக்கு அது தப்பான வழிகாட்டி. நீலகிரியில் அந்தத் தப்பு ஒரே பருவமழையில் வெளிப்பட்டுவிடும்.

கோத்தகிரியிலோ மஞ்சூரிலோ ஒருவர் இந்தப் போர்டை வைத்து என்ன செய்ய நினைக்கிறார்? தேயிலைத் தோட்டத்தின் பள்ளத்தில் இரவு எத்தனை டிகிரிக்கு இறங்குகிறது என்று தெரிய வேண்டும். மழையை அளக்க வேண்டும். மேட்டிலுள்ள ஊற்றுத்தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்பது ஏறிப் பார்க்காமலே தெரிய வேண்டும். இருட்டியபின் கேட்டருகே காட்டு மாடு வந்து நின்றால் ஒரு விளக்கு எரிய வேண்டும். மலையில் கேள்விப்படும் ஆசைகள் பெரும்பாலும் இவ்வளவுதான். இவற்றில் எதற்கு வேகம் வேண்டும்?

மழைமானியையே எடுத்துக்கொள்வோம். உள்ளே ஒரு சின்ன இரட்டைக் கிண்ணம். ஒரு பக்கம் நிரம்பியதும் சாய்ந்து கொட்டும், மறுபக்கம் நிரம்பத் தொடங்கும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு சுவிட்ச் 'டிக்' என்று மூடித் திறக்கும். வழக்கமான கருவியில் ஒரு டிக் என்றால் 0.2 மி.மீ. மழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். தமிழ்நாடே வாய்பிளந்த அந்த நாளில்கூட மழைமானி சராசரியாக 21 விநாடிக்கு ஒரு முறைதான் சாய்ந்திருக்கும். ராஸ்பெரி பை 5-இன் பிராசசர் விநாடிக்கு 240 கோடி முறை துடிக்கிறது. ஆக, ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் நடுவே 5,000 கோடித் துடிப்புகள். அத்தனையும் எதற்கு? சும்மா காத்திருக்க.

உறைபனிக்கு வருவோம். நவம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி வரை ஊட்டியில் காந்தல், தலைக்குந்தா போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். பனி விழுந்த தேயிலைக் கொழுந்து வெயில் ஏறியதும் கருகும். இதை முன்கூட்டி அறிய ஒரு மாணவர் புத்தம்புதிய பை 5 வாங்கி, அதனோடு கடைக்காரர் கிட்டில் போட்டுக் கொடுக்கும் நீல நிற டிஎச்டி-11 சென்சாரை இணைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சென்சாரின் அளவெல்லை 0 முதல் 50 டிகிரி வரை. பிழை இரண்டு டிகிரி வரை போகலாம். எந்த டிகிரிக்குக் கீழே போனதா என்று தெரிய வேண்டுமோ, சரியாக அந்த இடத்தில் சென்சார் கண்ணை மூடிக்கொள்கிறது. பின்னால் இருக்கும் போர்டு எந்தத் தலைமுறையாக இருந்தால் என்ன? கொஞ்சம் கூடுதல் விலையில் டிஎஸ்-18பி20 என்றொரு சென்சார் கிடைக்கிறது. கழித்தல் 55 டிகிரி வரை இறங்கும், உறைநிலை அருகே அரை டிகிரிக்குள் பிழை, நீர் புகாத உறையோடும் வரும். அட்டவணையில் இந்த வித்தியாசத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

வைக்கும் இடமும் அப்படித்தான். வானிலை நிலையங்களில் வெப்பமானி தரையிலிருந்து நாலடி உயரத்தில், காற்றோட்டமுள்ள கூண்டுக்குள் இருக்கும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் அந்த உயரத்தில் இரண்டு மூன்று டிகிரி காட்டும்போதே கீழே புல்லின்மேல் உறைந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். வீட்டு வராந்தாவில் தொங்கும் சென்சார் தோட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. கொழுந்து பறிக்கும் மட்டத்தில் வைக்க வேண்டும். அங்கே வைத்துவிட்டு அதே பெட்டிக்குள் கொதிக்கும் போர்டையும் அடைத்தால் கதை முடிந்தது: போர்டின் சூட்டையே சென்சார் அளந்து கொடுக்கும். பை 5-க்கு மின்விசிறி விற்கிறார்கள். ஊட்டிக் குளிருக்கு விசிறி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். மூடுபனி நுழையக் கூடாதென்று காற்றுப் புகாமல் அடைத்த பெட்டிக்குள் வெளிக்குளிர் எப்படி உதவும்? வேகமான போர்டு இங்கே அளவையே கெடுக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் கரண்ட். தோட்டத்தின் நடுவே பிளக் கிடையாது. யூபிஎஸ்களில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரிதான் கைக்கு எட்டுவது. கணக்குப்படி 84 வாட்-மணி. பேட்டரி சீக்கிரம் சாகாமல் இருக்கப் பாதியைத்தான் எடுக்கலாம், 42. பை 4-உம் பை 5-உம் ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருக்கவே ஏறத்தாழ மூன்று வாட் கேட்கும். பதினான்கு மணி நேரத்தில் பேட்டரி காலி. ஓர் இரவோடு சரி. பை ஜீரோ டபிள்யூ அரை வாட்டைச் சற்றே தாண்டும். மூன்று நாள் ஓடும். தூங்கி எழுந்து அளந்துவிட்டு மறுபடி தூங்கப் போகும் ஈஎஸ்பி-32 போன்ற மைக்ரோ கன்ட்ரோலர் மாதக்கணக்கில் ஓடும். சோலார் பேனல் இருக்கிறதே என்பார்கள். கூடலூர், தேவாலா பக்கம் ஜூன், ஜூலையில் வெயில் எத்தனை நாள் எட்டிப்பார்க்கிறது என்று அங்கே இருப்பவரைக் கேளுங்கள். குன்னூர், கோத்தகிரிக்கு அந்தக் கஷ்டம் ஐப்பசியில். வேடிக்கை என்னவென்றால், பை 5-ஐ நிறுத்திவைத்தாலும், வாங்கியபோதுள்ள அமைப்பை மாற்றாதவரை, ஒரு வாட்டுக்கு மேல் குடித்துக்கொண்டிருக்கும். ஓடுகிற ஜீரோவைவிட உறங்குகிற ஐந்துக்குச் செலவு அதிகம்.

வீட்டிலேயே கரண்ட் இருந்தாலும் காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் போயிற்று. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெமரி கார்டு கெடலாம். முதல் போர்டிலிருந்து இன்றுவரை கார்டில் ஓடும் எல்லாப் பைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. கார்டைப் படிக்க மட்டும் அனுமதித்து ஓட்டும் வசதி மென்பொருளிலேயே இருக்கிறது, அதைச் சொல்லிக்கொடுப்பவர்தான் அபூர்வம். மைக்ரோ கன்ட்ரோலருக்குக் கார்டும் இல்லை, இயங்குதளமும் இல்லை. கரண்ட் வந்த கணத்தில் தன் நிரலை முதலிலிருந்து ஓட்டத் தொடங்கும். நேரக் கணக்கிலும் ஒரு சிக்கல். பை 4 வரையிலான போர்டுகளுக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்து, இன்டர்நெட்டும் இல்லையென்றால் விடிகாலை நாலு மணிக் குளிரை வேறேதோ நேரத்தில் எழுதிவைக்கும். பை 5-இல் கடிகாரம் சேர்த்துவிட்டார்கள், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதற்குரிய பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும். பழைய போர்டில் டிஎஸ்-3231 என்ற சின்னக் கடிகாரத்தைக் கோத்துவிட்டால் வேலை முடிந்தது. அதற்காகத் தலைமுறை மாற வேண்டியதில்லை.

தலைமுறை என்ற பேச்சே இங்கே ஏமாற்று. ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிப்போகும் ஏணி ஒன்று இருப்பதாக அட்டவணை காட்டுகிறது. நடந்தது வேறு. 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு வந்த முதல் மாடல் பி-யில் 700 மெகாஹெர்ட்ஸ் ஒற்றை பிராசசர், 256 மெகாபைட் ரேம். பிள்ளைகள் உடைத்தாலும் பெற்றோர் அழாத விலையில் ஒரு கணினி என்பதுதான் நோக்கம். 2015-இல் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. பிப்ரவரியில் நான்கு கோர்களோடு பை 2. நவம்பரில் ஐந்து டாலருக்குப் பை ஜீரோ, அதுவும் மேக்பை என்ற இதழின் அட்டையில் ஒட்டி இலவசமாகவே கொடுத்தார்கள். ஒரு கிளை மேசைக் கணினியை நோக்கிப் போயிற்று: 2019-இல் பை 4, 2023-இல் 27 வாட் அடாப்டர் கேட்கும் பை 5, 4 ஜிபி மாடலே அப்போது 60 டாலர். இன்னொரு கிளை சிறியதை நோக்கி வந்தது: 2021 ஜனவரியில் நான்கு டாலர் பிக்கோ, 264 கிலோபைட் ரேம், இயங்குதளமே கிடையாது. கம்பி கோத்துக் கருவி செய்பவருக்கான புதிய போர்டு எது என்று கேட்டால் பிக்கோவைத்தான் காட்ட வேண்டும். வேக அட்டவணையில் சேர்த்தால் அது கடைசியில் நிற்கும்.

புதியது வாங்கினால் பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை என்பது அடுத்த வாதம். பை 5-இல், சென்சாரையும் விளக்கையும் கோக்கும் ஜிபிஐஓ பின்களை இயக்கும் வேலை தனிச் சிப்புக்கு மாறியதால், பத்தாண்டாகப் பாடங்களிலும் புத்தகங்களிலும் எல்லாரும் பயன்படுத்திய பைத்தான் நூலகம் அதில் ஓடவில்லை. எல்இடியை மினுக்கவைக்கும் முதல் பாடத்திலேயே மாணவர் முட்டிக்கொண்டு நிற்கிறார். புதுமைக்குப் புதுக் கோளாறும் உண்டு. பை 2-ஐ ஒரு கேமராவின் ஃபிளாஷ் அடித்துப் படமெடுத்தால் அது அணைந்து மறுபடி தொடங்கியது. மேல்மூடி இல்லாத ஒரு சிப்பில் ஒளி பட்டதே காரணம். முதலில் வந்த பை 4 போர்டுகள் சிலவகை யூஎஸ்பி-சி கேபிள்களில் கரண்டே எடுக்கவில்லை. இவற்றில் சில பின்னர் சரியாயின என்பது உண்மை. ஆனால் தயாரிப்பாளரே 2014-இல் வந்த பி ப்ளஸ் போர்டை இந்தப் பத்தாண்டின் இறுதிவரை தயாரிப்பதாகச் சொல்லியிருக்கும்போது, அதைக் குப்பை என்று தீர்ப்பெழுத மற்றவர்களுக்கு என்ன அவசரம்?

வேகம் தேவைப்படும் வேலை ஒன்று உண்டு, மறுக்கவில்லை. கேமரா படத்தைப் பார்த்து அது யானையா, காட்டு மாடா, பக்கத்து வீட்டுப் பசுவா என்று அந்த இடத்திலேயே பிரித்தறிய வேண்டுமானால் பை ஜீரோ திணறும். அதற்குப் பை 5-உம், 2024-இல் அதற்கென்று 70 டாலருக்கு வந்த ஏஐ துணைப் போர்டும் நியாயமான தேர்வு. ஆனால் அங்கேயும் முதல் கேள்வி வேறு. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் யானை நடமாட்டத்தை எஸ்எம்எஸ் வழியாக மக்களுக்குச் சொல்லத் தொடங்கியது 2011-இல். அதோடு உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகள் வைத்தார்கள். யானை பக்கத்தில் இருப்பது தெரிந்ததும் ஒரு மிஸ்டு கால், விளக்கு எரியும். வேலை முடிந்து திரும்பும் தோட்டத் தொழிலாளி தூரத்திலேயே பார்த்து நின்றுகொள்வார். யார் பார்க்கிறார்கள், யாருக்குத் தெரிய வேண்டும், எத்தனை தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதை முதலில் யோசித்ததால்தான் சாதாரண செல்போன் போதுமானதாயிற்று.

கருவிக்கு முன் இடத்தை யோசிப்பதற்கு ஊட்டியிலேயே அரைக்கிலோமீட்டர் நீளச் சான்று படுத்திருக்கிறது. முத்தோரையில் ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1970-இல் அமைத்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த இடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 டிகிரி. அதே அளவு சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப்பிடித்து அதன்மேல் கட்டினார்கள். அதனால் அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் சுழற்றினாலே வானத்திலுள்ள ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். பல லட்சம் ரூபாய் இயந்திரம் செய்ய வேண்டிய வேலையை ஒரு சரிவு செய்துவிட்டது. பின்னால் உள்ள மின்னணுக் கருவிகளை அதன்பிறகு பலமுறை மாற்றியிருக்கிறார்கள், தேவையும் இருந்தது. வானத்தைப் பார்க்கும் முகம் மட்டும் அந்தச் சரிவிலேயே இருக்கிறது. இந்த மலையில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டிவிட்டு, அடுத்த வாரம் புராஜெக்ட் ரெவ்யூவில் "எந்த மாடல் பை?" என்று முதல் கேள்வி கேட்கும் ஆசிரியர்களை என்ன சொல்வது? சென்சார் எந்த உயரத்தில் இருந்தது, பேட்டரி எத்தனை நாள் நின்றது என்று கேட்டால் பாதிப் புராஜெக்ட்கள் அந்த இடத்திலேயே படுத்துவிடும். நிமிர்ந்து நிற்பவை தோட்டத்துக்குப் போகலாம்.

கடைசியாகக் காசு. பை 5, 8 ஜிபி போர்டு, அடாப்டர், விசிறி, கார்டு எல்லாம் சேர்த்தால் பத்தாயிரம் ரூபாயைத் தொடும். பச்சைத்தேயிலை கிலோ 20 ரூபாய் என்று வைத்தால் 500 கிலோ இலை. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு அது எத்தனை நாள் பறிப்பு என்று அவர் வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். ஒரு ஈஎஸ்பி-32, ஒரு நல்ல சென்சார், பேட்டரி, பிளாஸ்டிக் பெட்டி என்று கணக்கிட்டால் இரண்டாயிரத்துக்குள் முடியும். அதே பத்தாயிரத்தில் ஐந்து. உறைபனி சரிவுக்குச் சரிவு மாறும். ஓரிடத்து அளவை எத்தனை வேகமாகப் படித்தாலும் பக்கத்துப் பள்ளத்தில் என்ன நடந்தது என்று தெரியாது. ஓடையோரம் ஒன்று, சரிவின் நடுவில் ஒன்று, மேட்டில் ஒன்று, சில்வர் ஓக் நிழலில் ஒன்று. ஐந்தாவதை வீட்டிலேயே வைத்திருங்கள், வெளியில் இருப்பதைக் காட்டு மாடு மிதித்துவிட்டால் மாற்ற.