திரையில் கறுப்புத் திட்டு விழுந்தால்...

சின்னமனூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கை மகள் போன மாதம் போன் செய்தாள். "பெரியம்மா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்" என்றாள். குரலே சரியில்லை. என்னவோ ஏதோ என்று தேனியில் கம்பம் பஸ்ஸைப் பிடித்துப் போய் இறங்கினேன்.

விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் சீட்டுப் பணத்தில் வாங்கிய டி.வி. திரையில் கறுப்பாகத் திட்டு விழுந்திருக்கிறது. முதலில் ஒன்று, பத்து நாளில் மூன்று. "ஈரத் துணியை வச்சுத் துடைச்சா விளங்குமா? இருபதாயிரம் ரூவா சாமான்" என்று மாமியார் ஒரு சொல் சொல்லிவிட்டார். அதிலிருந்து இவள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலு வயசுப் பயலுக்கு வேறு, "நீதான் கையை வச்சு அமுக்கினே" என்று முதுகில் இரண்டு அடி. வந்து பார்த்த மெக்கானிக்கோ திரையை எட்டிப் பார்த்ததோடு சரி. "பேனல் போச்சும்மா, புதுசா வாங்கிக்கிறதுதான் நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

சகோதரிகளே, கறுப்புத் திட்டு என்றாலே டி.வி. போய்விட்டது என்று அர்த்தமில்லை. எந்த மாதிரித் திட்டு என்று பார்க்கத் தெரிந்தால் பணமும் மிச்சம், வீட்டில் மனஸ்தாபமும் மிச்சம்.

இப்போது நம் வீடுகளில் இருக்கும் டி.வி.களில் பெரும்பாலானவை எல்.இ.டி. ரகம். இதில் படம் காட்டும் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அதன் பின்னால் பட்டைப் பட்டையாகச் சின்ன விளக்குகள் வரிசையாக இருக்கும். அந்த வெளிச்சம் திரை வழியாக வருவதால்தான் படம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஜன்னலுக்கு வெளியே வெயில் அடித்தால் திரைச்சீலையின் பூ தெரிகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆகவே முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான். திட்டுக்குள்ளே படம் தெரிகிறதா? அறையை இருட்டாக்கி, டார்ச்சையோ செல்போன் லைட்டையோ திரைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகவாவது படம் அசைந்தால் திரை நன்றாக இருக்கிறது, பின்னால் இருக்கிற விளக்குத்தான் போயிருக்கிறது. இந்தத் திட்டு ஓரம் மங்கி, புகை படிந்த மாதிரி இருக்கும். வெள்ளைக் காட்சி வரும்போது நன்றாகத் தெரியும். சத்தம் மட்டும் வந்து திரை முழுக்க இருட்டாக இருந்தாலும் இதே சோதனைதான். கறுப்புக்குப் பதிலாகப் பளிச்சென்று வெள்ளை வட்டங்கள் தெரிந்தால், விளக்கின் மேல் இருக்கும் சின்ன மூடி கழன்று விழுந்திருக்கும். அதுவும் சரி செய்யக்கூடியதுதான்.

இரண்டாவது ரகம், மை கொட்டியது போன்ற திட்டு. ஓரம் கூர்மையாக, உள்ளே கன்னங்கரேலென்று இருக்கும். எவ்வளவு டார்ச் அடித்தாலும் உள்ளே படம் தெரியாது. பக்கத்தில் மயிரிழை போல விரிசலோ கோடோ ஓடும். பந்து பட்டதாலோ, மேலே எதையாவது சாய்த்து வைத்ததாலோ திரையே உடைந்திருக்கிறது என்று அர்த்தம். இதற்குத் திரையை மாற்றத்தான் வேண்டும். அந்தச் செலவு பெரும்பாலும் புது டி.வி. விலையை நெருங்கிவிடும். யோசித்துச் செய்யுங்கள்.

மூன்றாவது ரகம், நீர் இறங்கியது. இது அநேகமாகக் கீழ் விளிம்பிலிருந்து மேலே ஏறும். ஈரச் சுவரில் கறை படர்கிற மாதிரி இருக்கும். சில நாளில் நெடுக்குக் கோடுகளும் சேர்ந்துகொள்ளும்.

இந்த மூன்றாவது ரகத்தை நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு ஆயுத பூஜையன்று வீட்டில் இருக்கிற சாமான்களையெல்லாம் துடைத்தேன். டி.வி.யையும் விடவில்லை. ஈரத் துணியால் அழுந்தத் துடைத்து, சந்தனத்தைக் குழைத்துத் திரையின் ஓரத்திலேயே பொட்டும் வைத்தேன். வழிந்த தண்ணீர் கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கிவிட்டது. ஒரே வாரத்தில் மூலையில் கறை. வீட்டுக்காரர் கேட்டபோது, "சாரல் அடிச்சிருக்கும்" என்று மழை மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொண்டேன். என்னைக் கேட்க மாமியார் இல்லை. தங்கை மகளுக்கு இருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்!

இனி சின்னமனூர் கதைக்கு வருவோம். அத்தையையும் மருமகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு டார்ச் அடித்துக் காட்டினேன். மூன்று திட்டும் திரையின் நடுவில், வட்டமாக இருந்தன. உள்ளே படம் அழகாக அசைந்தது. துடைத்த தண்ணீர் கீழேதான் இறங்கும், நடுவில் போய் வட்டமாக உட்காராது. பயல் அமுக்கியிருந்தால் உள்ளே படமே தெரியாது. வேறொரு மெக்கானிக்கை வரவழைத்தோம். கழற்றிப் பார்த்து விளக்குப் பட்டைகளை மாற்றிக் கொடுத்தார். ஆன செலவு புது டி.வி. விலையில் சின்னப் பங்குதான். அத்தை ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனவர், மருமகளுக்கும் ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். அது போதாதா?

விளக்கு ஏன் போகிறது? சூடுதான் காரணம். கடையில் பளபளவென்று காட்டுவதற்காக வெளிச்சத்தை உச்சத்தில் வைத்திருப்பார்கள். நாம் வீட்டிலும் அப்படியே விட்டுவிடுகிறோம். செட்டிங்ஸில் 'பேக்லைட்' என்று இருப்பதைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்தால் கண்ணுக்கும் இதம், விளக்குக்கும் ஆயுசு. சுவருக்கும் டி.வி.க்கும் நடுவில் நாலு விரற்கடையாவது இடம் விடுங்கள். பின்னல் போட்ட உறை அழகுதான், ஆனால் டி.வி. ஓடும்போது அதை முழுக்க எடுத்துவிடுங்கள். பின்புறத்துத் துவாரத்தை மூடக்கூடாது. ஒற்றை அறை வீடானால் தாளிப்புப் புகை படாத பக்கமாக மாட்டுங்கள். கூடலூர், கம்பம் பக்கம் ஆனி, ஆடிச் சாரலில் ஓதம் காக்கும் சுவரிலும் வேண்டாம்.

துடைப்பதற்கு டி.வி.யை நிறுத்தி, சூடு ஆறிய பிறகு, மெத்தென்ற காய்ந்த துணி போதும். தண்ணீர், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் எதையும் திரை மேல் தெளிக்காதீர்கள். பூஜைப் பொட்டைச் சட்டத்திலோ ஸ்டாண்டிலோ வைத்தால் சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

2006-லிருந்து 2011 வரை அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பழைய பெட்டி டி.வி. சில வீடுகளில் இன்னும் ஓடலாம். அதில் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாகத் திட்டு வந்தால், பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் இருக்கும் காந்தம் செய்கிற வேலை. அதைத் தள்ளி வைத்து, டி.வி.யை அரை மணி நிறுத்திவிட்டுப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அந்தப் பெட்டியை வீட்டில் யாரும் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் மின்சாரம் ஆயிரக்கணக்கான வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே தங்கியிருக்கும். உயிருக்கே ஆபத்து.

ரிப்பேருக்குக் கொடுக்கும்முன் மூன்று விஷயம். வாரண்டி இருந்தால் வெளி ஆளைத் திறக்க விடாதீர்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். வாரண்டி முடிந்திருந்தால், பட்டைகளை ஒன்றொன்றாக மாற்றாமல் மொத்தமாக மாற்றச் சொல்லுங்கள். ஒன்று போனால் அதே வயசுள்ள மற்றதும் பின்னாலேயே போகும். விளக்கை மாற்றத் திரையைத் தூக்கி எடுக்க வேண்டும், அப்போது அது உடையவும் கூடும். உடைந்தால் யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வாரண்டி இருந்தும் கடைக்காரர் கையை விரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம்.

கைக்குழந்தை உள்ள தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மேஜை மேல் வைத்த டி.வி.யைப் பிடித்து எழ முயலும் குழந்தை மேல் அது சாய்ந்தால் பெரிய விபத்தாகிவிடும். சுவரோடு இறுகக் கட்டுங்கள் அல்லது உயரத்தில் மாட்டுங்கள். இடி இடிக்க ஆரம்பிக்கும் முன்பே பிளக்கையும் கேபிள் ஒயரையும் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக, டி.வி.யில் திட்டு விழுந்தால் முதலில் டார்ச்சை எடுங்கள். யார் செய்தது என்ற விசாரணையை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம். பல சமயம் அதற்கு அவசியமே இருக்காது.