எல்.சி. வாங்கியாச்சா அப்பா?

புயல் வருதுன்னு டி.வி.யில சொன்னா நாம முதல்ல என்ன பார்ப்போம்? நாளைக்குக் கலெக்டர் லீவு விடுவாரா, மாட்டாரா... அவ்ளோதானே! நானும் அந்தக் கட்சிதான் ஃப்ரெண்ட்ஸ். ஆனா ஒரே ஒரு புயலுக்கு மட்டும், லீவே வேண்டாம் சாமி, எங்கப்பா திரும்பி வந்தா போதும்னு உட்கார்ந்திருந்தேன்.

2018 நவம்பர் 16. விடியறதுக்கு முன்னாடியே கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைன்னு தென்னந்தோப்புகள் மொத்தமா சாய்ஞ்சது. மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் போச்சு. உள்ளூர் ஆட்களை வெச்சு நிமிர்த்த முடியாதுன்னு மற்ற மாவட்டங்களில் இருந்து இ.பி.காரங்களை வண்டி வண்டியா அனுப்பினாங்க. கேரளாவில் இருந்துகூட வந்தாங்க. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் இருந்து கிளம்பின ஒரு வேனில் எங்கப்பாவும் இருந்தார். லைன்மேன்.

நான் அப்போ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தேன். ட்ரிபிள் ஈ, ரெண்டாம் வருஷம். ஒரு உண்மையைச் சொல்லிடறேன். "அப்பா என்ன பண்றார்?"னு யாராவது கேட்டா, "இ.பி.ல இருக்கார்"னு சொல்லி நிறுத்திக்குவேன். கேட்கிறவங்க இன்ஜினீயர்னு நினைச்சா நினைச்சுக்கட்டுமே!

எங்க வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அப்பாவுக்கு வேலை நேரத்தில் யாரும் போன் பண்ணக் கூடாது. கம்பத்து மேல பெல்ட்டில் தொங்கும்போது பாக்கெட்டில் போன் அடிச்சா கை தடுமாறும். அவரா கீழே இறங்கி அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அம்மா எனக்கு ஒரு மிஸ்டு கால். 'இறங்கியாச்சு'ன்னு அர்த்தம். போன் பேசறதே ஃப்ரீன்னு ஆன பிறகும் இது மட்டும் மாறவே இல்லை.

முதல் ரெண்டு நாள் மிஸ்டு கால் வந்தது. அப்புறம் வரலை. டவரும் இல்லை, சார்ஜும் இல்லை. ஊருக்குக் கரன்ட் கொடுக்கப் போனவருக்கு, போனில் சார்ஜ் போடக் கரன்ட் இல்லை!

இதில் நான் படிச்ச படிப்பே எனக்கு வினையாப் போச்சு. லைனில் ஏறறதுக்கு முன்னாடி, சப்ளையை நிறுத்திட்டோம்னு சப் ஸ்டேஷனில் இருந்து 'லைன் கிளியர்' வாங்கணும். அதைத்தான் எல்.சி.ம்பாங்க. சரி, வாங்கியாச்சு. ஆனா ஊர் இருட்டுன்னு எவனோ ஒருத்தன் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாம வீட்டு வயரிங்கில் சொருகிட்டா? அந்தக் கரன்ட் சர்வீஸ் வயர் வழியா பின்னாடி ஓடும். டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னாடி எது, பின்னாடி எதுன்னெல்லாம் தெரியாது. வீட்டுக் கரன்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டா ஏத்தி மேல் கம்பியில் அனுப்பிடும். அதனாலதான் கம்பியைத் தொடறதுக்கு முன்னாடி எர்த் ராடு மாட்டணும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கின விஷயம், ராத்திரியில் தூங்க விடலை. அம்மாகிட்ட சொல்லவும் முடியலை.

என் ரூம்மேட்டுக்கு பேராவூரணி பக்கம். அவளுக்கும் வீட்டில் இருந்து போன் இல்லை. டி.வி.யில் சாலை மறியல், அரசு வண்டிகள் மேல் தாக்குதல்னு காட்டறாங்க. இவ கோபமா, "இந்த இ.பி.காரங்க எங்கதான் போய்த் தொலைஞ்சாங்களோ!"ன்னா. எனக்கு சுருக்குனு இருந்தது. "எங்கப்பா அங்கதான்டி இருக்கார். லைன்மேன். நாலு நாளா போன் இல்லை"ன்னு சொல்லிட்டேன். கூடவே அழுகையும் வந்துருச்சு. அவ ஒண்ணும் சொல்லாம என் பக்கத்தில் வந்து படுத்துக்கிட்டா.

23-ம் தேதி கார்த்திகை தீபம். ஹாஸ்டல் வராண்டாவில் எல்லாரும் அகல் விளக்கு ஏத்தி போட்டோ எடுத்துக்கிட்டிருந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் ரூமை விட்டே வரலை.

மறுநாள் மத்தியானம் தெரியாத நம்பரில் இருந்து ஒரு கால்.

"யம்மா, கோபிக்காரரு மவளா? ஒங்க அப்பாரு போனு வயல் தண்ணியில வுழுந்துடுச்சாம். சாப்புட்டாச்சு, நல்லாருக்கேன்னு சொல்லச் சொன்னாரு."

"அவர்கிட்ட கொடுங்கம்மா, ப்ளீஸ்..."

"அவரு மேல இருக்காரும்மா. கம்பத்துல இருக்குறவங்களக் கூப்புடக் கூடாதாம்ல? சொல்லிட்டுத்தான் ஏறினாரு!"

நம்ம சட்டம் நமக்கே! "எல்.சி. வாங்கினாங்களா, எர்த் ராடு போட்டாங்களான்னு மட்டும் கேளுங்கம்மா"ன்னேன். அந்த அம்மா கீழே நின்ன யார்கிட்டயோ கேட்டாங்க. ஒரே சிரிப்புச் சத்தம். "எல்லாம் போட்டாச்சாம். எந்த ஆபீசரு பேசறதுன்னு கேக்குறாங்க!"

அப்பா வீட்டுக்கு வர இன்னும் ரெண்டு வாரம் ஆச்சு. ஆள் கறுத்து, இளைச்சு, விரல் இடுக்கெல்லாம் சேத்துப்புண். வண்டி போகாத வயலில் இடுப்பளவு தண்ணியில் நின்னு கம்பத்தைத் தோளில் தூக்கிட்டுப் போனாங்களாம். கையில் நாலு தேங்காய். "தோப்பே போச்சு, இத வேண்டாம்னு சொல்லாதீங்க"ன்னு அந்த அம்மா கொடுத்தது. மத்தபடி ஒண்ணும் பெருசா சொல்லலை. "ஏஞ்சாமி, கீழ நின்னவன் பூரா என்னைய ஆபீசரோட அப்பாங்கறான்"னு மட்டும் சிரிச்சார்.

2024-ல் ஃபெஞ்சல் புயல் வந்தப்போ திரும்ப விழுப்புரம் பக்கம் அனுப்பினாங்க. வேன் ஏறறப்போ அவரே முந்திக்கிட்டு, "எல்.சி. வாங்கிட்டுத்தான் ஏறுவேன், போதுமா?"ன்னார். இப்போ அவர் பையில் பழைய பட்டன் போன் ஒண்ணு கூடுதலா இருக்கு, பாலித்தீன் கவரில் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு. நான் வாங்கிக் கொடுத்தது.